உரிமத்துக்கு முன்பே ஒரு விமானம்

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களில் ஒரு சாரார், உரிமம் கைக்கு வருவதற்கு முன்பே விமானம் வாங்கிவிடுகிறார்கள். நமக்கு இது கோடீஸ்வரர்களின் விளையாட்டாகத் தெரியும். ஆனால் அங்கே அரை நூற்றாண்டு ஓடித் தேய்ந்த இரண்டு இருக்கை செஸ்னா 150 ஒன்றைப் புதிய காரின் விலைக்குப் பேசி முடித்துவிடலாம். தனியாக முடியாதவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து பங்குக்கு வாங்குகிறார்கள். சிறு விமான நிலையங்களுக்கும் அங்கே குறைவில்லை. ஆகவே இந்த வழக்கத்தைப் பணத்திமிர் என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது சிக்கனம். அதுதான் எனக்கு மிகப் பலவீனமான வாதமாகப் படுகிறது. தனியார் விமானி உரிமத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். நடைமுறையில் பலருக்கு 60, 70 ஆகிவிடுகிறது. அந்தச் சில பத்து மணி நேர வாடகையை மிச்சம் பிடிப்பதற்காக நிறுத்துமிடம், இன்சூரன்ஸ், வருடாந்திரப் பரிசோதனை என்று பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருகிற செலவுகளைத் தலையில் ஏற்றிக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும்? பயிற்றுநரோடு சேர்த்துப் பயிற்சிக்கு விடும் விமானத்தை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்தாக வேண்டும். சொந்த விமானத்தில் பயிற்றுநரை மட்டும் கூலிக்கு அமர்த்திக்கொண்டால் அந்த விதி பொருந்தாது. இதையும் லாபமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனை குறைவதை லாபக் கணக்கில் எழுதுகிறவரோடு நான் பறக்கமாட்டேன்.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளியில் இன்று ஒரு விமானம், நாளை வேறொன்று. ஒன்றில் ரேடியோ குமிழ் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். ஒன்றின் எரிபொருள் முள் பொய் சொல்லும், இன்னொன்றின் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். புதிதாகக் கற்பவரின் கவனத்தில் பாதி இந்த வித்தியாசங்களிலேயே கரைந்துவிடுகிறது. ஒரே விமானத்தில் கற்பவருக்கு அந்தப் பாதி மிச்சம். எஞ்சின் ஒலியில் சிறு மாற்றம் வந்தாலும் காது பிடித்துவிடும். வருடாந்திரப் பரிசோதனையின்போது மெக்கானிக் பக்கத்தில் நின்று மூடிகளைக் கழற்றிக் கொடுத்தால், புத்தகத்தில் படமாகப் பார்த்த கம்பிகளும் கப்பிகளும் கைக்குத் தெரிந்தவையாகிவிடும். வாடகை விமானத்தில் இந்தப் பாடம் கிடைப்பதே இல்லை.

ஆனால் பழைய விமானத்துக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. லைக்காமிங் எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் மாதக்கணக்கில் சும்மா நின்றால் அதன் மேலிருக்கும் எண்ணெய் வடிந்து துரு ஏறும். ‘குறைந்த மணி நேரமே ஓடிய எஞ்சின்’ என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவது சில சமயம் எச்சரிக்கை. செஸ்னா 150 தூக்கக்கூடிய மொத்த எடை சுமார் 725 கிலோ. அதில் விமானமே 500 கிலோவை ஒட்டி வந்துவிடும். டேங்கை நிரப்பிவிட்டு மாணவரும் பயிற்றுநருமாக இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள் ஏறி உட்கார்ந்தால், தரையைவிட்டு எழும்புமுன்னே எடை வரம்பு தாண்டிவிடும். விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுப்பவர்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அதோடு, பள்ளி விமானம் பழுதானால் அடுத்த விமானம் நிற்கும். சொந்த விமானம் பழுதானால் படிப்பே நிற்கும்.

இவையெல்லாம் பணத்தோடும் பொறுமையோடும் தீர்ந்துவிடுகிற குறைகள். வழக்கத்தின் பெரிய கோளாறு, எந்த விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. ‘எப்படியும் பெரிய விமானத்துக்குத்தானே போகப்போகிறோம், இப்போதே வாங்கிவிட்டால் என்ன’ என்று வசதி உள்ள மாணவர் கேட்கிறார். கற்க வேண்டிய அடுத்த பாடத்துக்கு ஏற்ற விமானத்தை விட்டுவிட்டு, என்றோ குடும்பத்தோடு போகப்போகிற பயணத்துக்கான விமானத்தை வாங்குகிறார். 1947-இல் வந்த, வி வடிவ வால் கொண்ட பீச்கிராஃப்ட் பொனான்ஸாவுக்கு ‘டாக்டர் கொல்லி’ என்று பட்டப்பெயர் விழுந்தது இதனால்தான். அதன் வால் பகுதியில் கட்டமைப்புக் குறையும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1980களில் அதை வலுப்படுத்த உத்தரவே போட்டார்கள். ஆனாலும் அது வழுக்கிக்கொண்டு வேகம் எடுக்கும் விமானம். வாங்கப் பணம் இருந்தவர்களுக்குப் பழக நேரம் இருக்கவில்லை.

ஜான் எஃப். கென்னடியின் மகன் 1998 ஏப்ரலில் உரிமம் பெற்றார். மறு ஆண்டு ஏப்ரலில் 300 குதிரைத்திறன் கொண்ட பைப்பர் சாரடோகாவை வாங்கினார். 1999 ஜூலை 16 இரவு, மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிப் போனபோது, தொடுவானம் தெரியாத மங்கலில், கடலுக்கு மேலே திசையுணர்வு தடுமாறி மூவரும் இறந்தார்கள். அதுவரை அவர் பறந்தது ஏறத்தாழ 310 மணி நேரம்; அந்த விமானத்தில் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் பறந்தது சுமார் 3 மணி நேரம். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான பயிற்சியில் பாதிதான் முடித்திருந்தார். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சக்கரம் உள்ளிழுக்கும் விமானத்துக்கு ஒரு கையெழுத்து, 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்டதற்கு இன்னொரு கையெழுத்து என்று பயிற்றுநர் லாக்புக்கில் போட்டுக் கொடுத்தால் சட்டத்துக்குப் போதும். இத்தனை மணி நேரம் பழகியிருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை.

இப்படி மங்கலிலோ மேகத்துக்குள்ளோ மாட்டினால் என்ன ஆகும் என்பது அந்த விபத்துக்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி செய்து பறக்கவைத்துப் பார்த்தார்கள். எல்லாரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடியில். இந்த எண்ணை விமானிகள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பயமுறுத்திக்கொள்வது வழக்கம். அந்த ஆய்வின் நோக்கம் பயமுறுத்துவது அல்ல என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மேகத்திலிருந்து திரும்பி வெளியே வர ஓர் எளிய முறையைக் கற்றுக்கொடுத்தபின், அதே ஆட்கள் பெரும்பாலான முறை தப்பித்து வந்தார்கள்.

காப்பாற்றுவது பயிற்சிதான் என்பதை சிர்ரஸ் எஸ்ஆர்22 பெரிய அளவில் காட்டியது. 2001 முதல் விற்பனைக்கு வந்த இந்த விமானத்தில், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு. அப்படியிருந்தும் தொடக்க ஆண்டுகளில் அதன் உயிர்ப்பலிப் பதிவு எதிர்பார்த்ததுபோல் நன்றாக இல்லை. ஆபத்தில் சிக்கியவர்களில் பலர் பாராசூட்டை இழுக்கவில்லை, இழுத்தாலும் காலம் கடந்து இழுத்தார்கள். நிறுவனமும் உரிமையாளர் சங்கமும் பயிற்சியை மாற்றி, தயங்காமல் இழு என்று பழக்கியபின் நிலைமை வெகுவாகத் தேறியது. விமானத்தைவிட அதிகம் மாறியது பயிற்சி.

ஆகவே என் கட்சி இது: கையிருப்பில் விமானத்துக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்து, மிச்சத்தைக் கருவிப் பறத்தல் தகுதிக்கு வைக்கலாம். அதற்குக் கருவிப் பயிற்சி 40 மணி நேரமும், தலைமை விமானியாக நெடுந்தூரப் பறத்தல் 50 மணி நேரமும் வேண்டும். சக்கரம் மடங்காத, மணிக்கு 200 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் செஸ்னா 172 ஒன்று இவை அனைத்துக்கும் போதும். சலிப்பூட்டும் விமானம் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். மேகத்துக்குள் கருவிகளைப் படிக்கப் பழகும்போது விமானம் சலிப்பூட்டுவது பெரிய உதவி.

விமானக் கம்பெனி வேலையை நாடுகிறவர்கள் மணி நேரம் சேர்ப்பதற்கென்றே வாங்குவது தனிக் கதை. 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் தேவை என்ற விதி வந்தது. அந்த விமானத்தின் இரு விமானிகளுமே அதைவிட அதிகம் பறந்தவர்கள். வெயில் நாளில் ஒரே ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து சேர்த்த மணியும் இந்தக் கணக்கில் மணிதான்.

அரசு கேட்காததை ஓரளவு கேட்பது இன்சூரன்ஸ் கம்பெனி. புதிதாக உரிமம் பெற்றவர் சக்கரம் மடங்கும் விமானம் வாங்கினால், பயிற்றுநரோடு இத்தனை மணி நேரம், பயணிகளை ஏற்றுமுன் தனியாக இத்தனை மணி நேரம் என்று நிபந்தனை போடும், பிரீமியத்தையும் ஏற்றும். பல பேரை அவசரப்படாமல் நிறுத்திவைப்பது இதுதான். ஆனால் சொந்த விமானத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்தியச் சட்டம் சொல்வதில்லை. கடன் வாங்கியவரை வங்கி விடாது. ரொக்கம் கொடுத்து வாங்கியவரைக் கேட்க ஆளில்லை, அவர்தான் பெரும்பாலும் வேகமான விமானத்தையும் வாங்குகிறவர்.