சட்டிக்கு ஒரு மைக்

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் சாவு விழுந்தால் ரெட்ஹில்ஸ் ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். பைபாஸில் ஓடும் லாரிகளின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்து சேர்வது சாவுக்கு அடிக்கிற சட்டியின் சத்தம். மோளத்தின் அடி அதற்குப் பிறகு கேட்கும். செத்தது யார் என்று சொல்லும் போஸ்டர் மறுநாள்தான் சுவரேறும். இந்தச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டைப் பற்றிய பேச்சை மற்றவர்கள் தொடங்குகிற இடத்தில் தொடங்க மனம் வருவதில்லை. மற்றவர்கள் இயக்குநர் பா. ரஞ்சித்திலிருந்து தொடங்குவார்கள். இளவட்டமாக இருந்தால் ராப் பாடகர் அறிவிலிருந்து. கள்ளிக்குப்பத்துக் காது சரத்திலிருந்து தொடங்கும். 19 பேர் நின்ற அந்த மேடையில் சட்டி வாசித்தவர் அவர்.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் மார்கழிக் கச்சேரிகள் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. இங்கே மேடையேறியவர்கள் எல்லாரும் சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. அந்தக் கோட்டு யாரை நினைவூட்டுகிறது என்று கூட்டத்தில் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலில், பாடைக்கு முன்னால் நடந்தபடியே அடிக்கிற சட்டியை, கோட்டுப் பொத்தான் போட்டு நின்று அடிப்பதைப் பார்ப்பது வேறொரு விஷயம். பக்கத்தில் கட்டை மோளத்தோடு கௌதம். பறைக்கும் தவிலுக்கும் நந்தன். இவர்களுக்கு நடுவே டிரம்ஸ் செட்டில் மனு கிருஷ்ணன், எலெக்ட்ரிக் கிட்டாரோடு சாஹிப் சிங். இந்த வரிசைதான் அந்த பேண்டின் மூளை. பாடகர்கள் வருவார்கள், போவார்கள்.

வரிசையைப் போட்டவர் டென்மா. கபேர் வாசுகியோடு 'குரங்கன்' பேண்டில் இருந்தபோதே சென்னைத் தமிழை ராக் இசைக்குள் உட்கார வைத்துப் பார்த்தவர். குரங்கன் பாட்டில் கிட்டார்தான் வீட்டுக்காரர், பேச்சுத்தமிழ் விருந்தாளி. கலெக்டிவில் அது தலைகீழானது. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து ஆள் எடுத்தபோது கானா பாடகர்களையும் மோளக்காரர்களையும் ராப் பாடுகிறவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். கிட்டார் அந்த அறைக்குள் கதவைத் தட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டியிருந்தது.

இதில் ஒரு தொழில் சிக்கல் இருக்கிறது. ரசிகர்கள் கண்டுகொள்வதில்லை, ஆனால் ஒலிப்பதிவுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற சிக்கல். சட்டியின் சத்தம் மேல்தட்டுச் சத்தம். டிரம்ஸ் செட்டில் ஸ்னேரும் சிம்பலும் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்சில்தான் அதுவும் வந்து உட்காரும். பாடகரின் வல்லின எழுத்துகள் தெறிப்பதும் அங்கேதான். மூன்றையும் ஒன்றாக விட்டால் ஸ்பீக்கரில் தகர டப்பா உருளும். ஆகவே எதையாவது இறக்க வேண்டும். பாடகரை இறக்க முடியாது. டிரம்ஸை இறக்கினால் "ராக் மாதிரியே இல்லையே" என்பார்கள். கடைசியில் இறக்கப்படுவது சட்டி. 'மகிழ்ச்சி' ஆல்பத்தை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பார்க்கலாம்: சட்டி இருக்கிறது, ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. மேடையில் அப்படியில்லை. மேடையில் அது காதுக்குள் வந்து நிற்கும். இந்த பேண்டை ஆல்பத்தில் மட்டும் கேட்டவர்களோடு வாதம் செய்வதில் அர்த்தமில்லை என்று கள்ளிக்குப்பத்துக் காது நினைப்பதற்கு இதுதான் காரணம்.

'வட சென்னை', 'கோட்டா' பாட்டுகள் மேடையில் எப்படிப் பிரிந்து நின்றன என்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். 'கோட்டா' பேசும் இட ஒதுக்கீட்டைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அதைத் தாளத்தில் ஏற்றி, கூட்டத்தைக் கைதட்ட வைத்து, தட்டிக்கொண்டிருக்கும்போதே யோசிக்கவும் வைப்பது எளிய காரியமில்லை. 'ஜெய்பீம் ஆந்தம்' கூட்டத்தை எழுப்பி நிறுத்தும் பாட்டு, அதன் வேலையை அது சரியாகச் செய்தது. ஆனால் தாளத்துக்காகக் கேட்கிறவர் மாட்டுக்கறிப் பாட்டைத்தான் தேடிப் போவார். அதில் சிரிப்பு இருக்கிறது. கானாவின் உயிர் நக்கலில் இருக்கிறது என்பதை அந்தப் பாட்டு மறக்கவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அயோத்திதாசப் பண்டிதர் கையிலெடுத்த 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லைத்தான் பேண்ட் ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டது. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தியவரின் சொல், 111 ஆண்டுகள் கழித்து கீழ்ப்பாக்கத்தில் ஒலிபெருக்கிகளோடு கேட்டது. தமிழிலேயே அந்தப் பெயரை வைத்திருக்கலாம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முணுமுணுப்பில் நியாயமும் உண்டு.

இனி ரயிலுக்கு வரலாம். அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் இந்த பேண்டின் பாதி வரலாறு தண்டவாளத்திலேயே கிடக்கிறது. மேற்கே போனால் ஆவடி; அதை அடுத்த கரலப்பாக்கம் ரஞ்சித்தின் ஊர். இன்னும் போனால், லைனின் கடைசியில், அறிவின் அரக்கோணம். கிழக்கே போனால் வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ். கானா பிறந்து வளர்ந்த சந்துகள் எல்லாம் ஜன்னலோரம் வரும். அதைத் தாண்டினால் பாடகி இசைவாணி வளர்ந்த ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்டது அந்த ராயபுரத்திலிருந்து, இதே அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடுக்கு. சுமார் 70 கிலோமீட்டர் தண்டவாளத்துக்குள் ஒரு பேண்டின் இயக்குநரும் எழுத்தும் குரலும் அடங்கிவிட்டன. இதைத் தென்சென்னை பேண்ட் என்று யாராவது சொன்னால் அம்பத்தூர்க்காரர்கள் சிரிக்க உரிமை உண்டு. மாலை லோக்கலில் வென்டர் பெட்டியின் தகரச் சுவரைத் தட்டிக் கானா பாடியவர்களைக் கேட்டுக்கொண்டே வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் இங்கே நிறைய. இப்போது அந்தப் பெட்டியில் ஆளாளுக்கு ஒரு போன், ஆளாளுக்கு ஒரு இயர்போன்.

இசைவாணியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. தொடக்கத்தில் அந்த 19 பேரில் ஒரே பெண். கானா மேடையில் பெண் குரல் என்பதே அபூர்வம். விடிய விடிய நடக்கும் காரியக் கச்சேரிகளில் ஆண்களே பாடுவார்கள், ஆண்களே எதிர்ப்பாட்டு கட்டுவார்கள், பெண்கள் ஓரமாக உட்கார்ந்து அழுவார்கள். அந்த இடத்துக்குள் இசைவாணி வந்தபோது குரலை மெருகேற்றிக்கொண்டு வரவில்லை. சொல்லின் கடைசி எழுத்தை இழுக்காமல் வெட்டிவிடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. அந்த வெட்டு விழும் இடத்தில் சட்டி ஒரு உருட்டு உருட்டும். குரலும் சட்டியும் ஒன்றையொன்று முடித்துவைக்கிற அந்த நொடிக்காகவே கலெக்டிவ் கச்சேரிக்குப் போகலாம். பி.பி.சி. 2020இல் தன் 100 பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. சபரிமலை விவகாரத்தை ஒட்டி அவர் முன்பு பாடிய 'ஐ அம் சாரி ஐயப்பா' பாட்டுக்காக 2024 நவம்பரில் அவர் மேல் புகார்கள் குவிந்தன, போனில் மிரட்டல்கள் வந்தன. பாட்டு வந்து சில ஆண்டுகள் ஆன பிறகு திடீரென்று காது கேட்டவர்கள் அவர்கள்.

ரசனையில் மாற்றுக் கட்சிகள் இல்லாமல் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற பழைய கானா ரசிகர் ஒருவர் இந்த பேண்டின் பேச்சை எடுத்தாலே உதட்டைப் பிதுக்குவார். "இன்னா தலீவா, அது கானாவா? கிட்டார் வெச்சா கானா ஆயிடுமா? டோலக்கு எங்க?" அவருக்கு தேவா போட்ட மெட்டுகள் போதும். அதைவிட்டால் மரண கானா விஜி. 2012இல் 'அட்டகத்தி' வந்தபோது 'ஆடி போனா ஆவணி'யைக் கேட்டு, கானா பாலாவோடு கானாவின் கணக்கை முடித்துக்கொண்டவர். அவர் கேள்வியில் பாதி சரி. டோலக்கின் குழைவு கலெக்டிவில் குறைவுதான். ஆனால் சினிமா கானா இத்தனை ஆண்டுகளில் செய்தது என்ன? பாட்டை எடுத்துக்கொண்டது, மோளத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது. சாவுக்கு அடிக்கிற தோல் கல்யாண வீட்டிலும் ஒலிக்க வேண்டிய படத்தில் வரக்கூடாது என்கிற கூச்சம்.

எதிர்ப்பக்கத்துக் கட்சி இன்னும் நாகரிகமானது. ஐ.ஐ.டி. சாரங் ராக் ஷோவில் தலையாட்டி வளர்ந்தவர்கள். ஜங்க்யார்ட் குரூவ், ஸ்க்ராட், தி எஃப்16ஸ் என்று இந்த ஊர் ஆங்கிலத்தில் தந்த பேண்டுகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். நல்ல பேண்டுகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கலெக்டிவைப் பற்றிச் சொல்வது: "மெசேஜ் ஓ.கே., மியூசிக்தான் கொஞ்சம் ரா." மலையாளத்தின் அவியல் 2008 ஆல்பத்தில் சாதித்த இறுக்கம் இதில் இல்லை என்பார்கள். ஒரு பேண்ட் இறுக்கமாக இருப்பது அழகு. பத்தொன்பது பேர் இறுக்கமாக இருந்தால் அது பேண்டு இல்லை, அணிவகுப்பு. கலெக்டிவின் அழகே அங்கங்கே தாளம் வழிந்து அடுத்தவர் மேல் கொட்டுவதில் இருந்தது.

மூன்றாவது கட்சியோடு வாதிடுவதுதான் கடினம். அவர்கள் 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' கட்சி. எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடியது, எழுதியது அதே கபேர் வாசுகி. சென்னைப் பேச்சுத்தமிழை ராகமாலிகையில் கோத்த அந்தத் துணிச்சலுக்குத் தலை வணங்கலாம். ஆனால் அந்தப் பாட்டில் வடசென்னை பாடுபொருளாக இருக்கிறது. கலெக்டிவில் வடசென்னை வாத்தியத்தைக் கையில் வைத்திருக்கிறது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. டென்மா சினிமாவுக்குப் போனார்: 2019இல் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது'. அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு 2019இல் 'தெருக்குரல்' கொடுத்தார். 2021 மார்ச்சில் பாடகி தீயோடு 'என்ஜாயி எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆங்கில இசை இதழ் ஒன்றின் அட்டையில் அறிவின் படம் இல்லாமல் போனதும், 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமல் ஒலித்ததும் தனிக் கட்டுரைக்கான விஷயம். 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்றே ஆல்பத்துக்குப் பெயர் வைத்துப் பேரன் தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டார்.

ஒவ்வொருவரும் வளர்ந்ததில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வருத்தம் வேறு. அறிவின் தனிப்பாட்டில் சொல் முன்னால் வரும், டென்மாவின் படப்பாட்டில் காட்சி முன்னால் வரும். சட்டியும் கட்டை மோளமும் எதிலும் முன்னால் வருவதில்லை. நீலம் 2020 இறுதியிலிருந்து நடத்தும் 'மார்கழியில் மக்களிசை' மேடையில் அவற்றைக் கேட்கலாம். அது ஆண்டுக்கொரு முறை. அந்தப் 19 பேர் வரிசையை முழுசாகப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

கள்ளிக்குப்பம் பக்கமும் நிலைமை சுகமில்லை. சட்டிக்குத் தோல் மாட்டிய காலத்தில் ஓலையைக் கொளுத்திக் காய்ச்சி, சுண்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி அடித்தார்கள். மழை நாளில் அந்தக் காய்ச்சலே ஒரு கச்சேரி. இப்போது ஃபைபர் ஷீட். காய்ச்ச வேண்டாம், நனைந்தால் துடைத்துவிட்டு அடிக்கலாம். சத்தம் கூடுதல்தான். ஆனால் ஒவ்வொரு அடியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி விழுகிறது. யூடியூப் கானாவில் அதுவும் இல்லை. பேடில் ஒரு லூப்பை ஓடவிட்டு, குரலை மெஷினில் நேராக்கி, கத்தியும் ஜெயிலும் காட்டுகிற பாட்டுகள். காரியக் கச்சேரிக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள்கூட "கீபோர்டு இருக்குல்ல?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

ஆகவே ஒரு விண்ணப்பம், டென்மாவுக்கும் நீலத்துக்கும். அந்தப் பழைய வரிசையை மறுபடி ஒரு நாள் கூட்டுங்கள். கீழ்ப்பாக்கம் வேண்டாம், அம்பத்தூரில் ஒரு மைதானம் பாருங்கள், அரக்கோணம் கடைசி லோக்கலுக்குள் முடித்துவிடுங்கள். கோட்டு சூட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சட்டிக்கு மட்டும் தனியாக ஒரு மைக் வையுங்கள், அதை இறக்க வேண்டாம் என்று மிக்ஸரில் உட்கார்ந்திருக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.