காலி நாற்காலியும் விசுவாசம்தான்

2018 டிசம்பர் 26. சண்டர்லாந்து நகரின் ஸ்டேடியம் ஆஃப் லைட் மைதானத்தில் 46,039 பேர். எதிரணி பிராட்போர்டு சிட்டி. கோப்பை இறுதிப்போட்டி அல்ல, பரம எதிரியுடனான மோதலும் அல்ல. இங்கிலாந்துக் கால்பந்தின் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் ஒரு சாதாரண ஆட்டம். லீக் ஒன் என்ற பெயரில் அந்தத் தொடர் நடக்க ஆரம்பித்ததிலிருந்து அவ்வளவு கூட்டம் எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை. அன்று பிரீமியர் லீகில் ஆடிய பல அணிகளின் மைதானங்களில் இத்தனை நாற்காலிகளே கிடையாது. ஊரின் மக்கள்தொகையே இரண்டே முக்கால் லட்சம் சொச்சம்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த சீசன் முழுவதற்குமான சராசரியே 32 ஆயிரத்தைத் தாண்டியது. அதற்கு முந்தைய சீசனில், ஓர் அடுக்கு மேலே ஆடியபோது, சராசரி 27 ஆயிரத்துச் சொச்சம். அணி கீழே இறங்கியது, கூட்டம் மேலே ஏறியது. ரசிகர் விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

எளிதில் வாயில் வரும் பதில், 'சண்டர்லாந்துக்காரர்கள் அப்படித்தான், கண்மூடித்தனமான பக்தி' என்பது. இந்த அணியைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடர் வந்த பிறகு உலகமே அப்படி நம்புகிறது. கப்பல் கட்டும் தளங்கள் 1988-ல் மூடப்பட்டன. கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் மைதானமே நிற்கிறது, வாசலில் சுரங்கத் தொழிலாளியின் விளக்குக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். வேலை போன ஊருக்கு மிச்சம் இருந்தது அணி மட்டுமே என்ற கதை உருக்கமானது, பொய்யும் அல்ல. ஆனால் 27 ஆயிரம் ஏன் 32 ஆயிரம் ஆனது என்பதை அது விளக்காது. சுரங்கம் இரண்டு சீசனிலும் மூடித்தான் கிடந்தது.

2016 டிசம்பர் 17 அன்று வாட்ஃபோர்டை வென்ற சண்டர்லாந்து, சொந்த மைதானத்தில் அடுத்து ஓர் ஆட்டத்தை வென்றது 2017 டிசம்பர் 16 அன்று, ஃபுல்ஹாமுக்கு எதிராக. நடுவில் 364 நாள். அந்த இடைவெளியில் பிரீமியர் லீகில் கடைசி இடம் பிடித்து இறங்கியது. அடுத்த அடுக்கிலும் கடைசி இடம் பிடித்து மறுபடி இறங்கப் போகிறது. சிவப்பு நாற்காலிகள் வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகிக் கிடந்தன, மாற்ற ஆளில்லை. உரிமையாளருக்கு அணி மீது அக்கறை போய்விட்டது என்பதற்கு ரசிகர்கள் வேறு சாட்சி தேடவில்லை, அந்த நாற்காலியைக் காட்டினார்கள்.

2018 கோடையில் புதிய உரிமையாளர் வந்தார். நாற்காலிகளை மாற்றப் போகிறோம், கைகொடுக்க வாருங்கள் என்று அழைப்பு விட்டார். ரசிகர்கள் வந்து, தாங்கள் உட்கார்ந்து தோல்வி பார்த்த நாற்காலிகளைத் தாங்களே கழற்றிப் போட்டு புதியவற்றை மாட்டினார்கள். செலவு மிச்சம் பிடிக்கும் தந்திரம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த சீசனில்தான் கூட்டம் ஏறியது. அணியும் ஜெயித்தது; லீகின் 46 ஆட்டங்களில் தோற்றது ஐந்தே ஐந்து. நம்பிக்கையும் கொஞ்சம் மரியாதையும் கிடைத்தன, கூட்டம் திரும்பி வந்தது. பக்திதான், ஆனால் கண் திறந்த பக்தி. (அதே உரிமையாளர் இரண்டு ஆண்டுக்குள் அதே ரசிகர்களால் 'போய்விடுங்கள்' என்று விரட்டப்பட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.)

கூட்டம் வந்தால் அணி ஜெயிக்குமா? இதற்கு கொரோனா ஒரு பரிசோதனைக்கூடமே அமைத்துக் கொடுத்தது. 2020-21 பிரீமியர் லீக் சீசன் ஏறக்குறைய முழுவதும் ஆளில்லா மைதானங்களில் நடந்தது. 380 ஆட்டங்களில் சொந்த மைதானத்து அணி வென்றவை 144, வெளியூர் அணி வென்றவை 153. 1888-ல் லீக் தொடங்கியதிலிருந்து முதல் அடுக்கில் வெளியூர் வெற்றிகள் அதிகமான சீசன் அது ஒன்றுதான். புல் அதே புல், பயண தூரம் அதே தூரம். இல்லாமல் போனது சத்தம்.

சத்தம் யாரை அசைக்கிறது என்பதில்தான் சுவாரஸ்யம். ஆட்டக்காரரை என்றுதான் நாம் நினைப்போம். நடுவரைப் பாருங்கள் என்கிறது 2002-ல் வெளியான ஓர் ஆய்வு. ஒரே ஆட்டத்தின் மோதல் காட்சிகளைத் தகுதி பெற்ற நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், சிலருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, சிலருக்கு ஒலி இல்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் சொந்த மைதானத்து அணி மீது 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். ஆட்டக்காரருக்குப் பன்னிரண்டாவது ஆள் என்று கூட்டத்தைப் புகழ்கிறோம். உண்மையில் அது விசில் வைத்திருப்பவரின் காதருகே நிற்கிறது.

அப்படியானால் சண்டர்லாந்தின் 364 நாள்? அத்தனை ஆயிரம் பேர் கத்தியும் ஒரு வெற்றி இல்லையே. தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்குச் சொந்தக் கூட்டமே சுமையாகிவிடும். இரண்டாவது தவறான பாஸுக்கு எழும் முனகலைக் கேட்டு மூன்றாவது பாஸை யாரும் துணிந்து போட மாட்டார்கள். இதில் கொடுமையான வேடிக்கை ஒன்றும் உண்டு. 1973 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லீட்ஸை வென்ற பிறகு வெம்ப்ளி மைதானத்தில் சண்டர்லாந்துக்கு வெற்றியே கிட்டவில்லை. 2019-ல் மட்டும் இரண்டு முறை போனார்கள். மார்ச்சில் போர்ட்ஸ்மவுத்துடனான வேறொரு கோப்பை இறுதிக்கு 85,021 பேர் கூடினார்கள், பெனால்டியில் தோல்வி. மே மாதம் சார்ல்டனுடன், மேல் அடுக்குக்கு ஏற்றிவிடும் பிளே-ஆஃப் இறுதி, கடைசி நிமிட கோலில் தோல்வி. கடைசியில் 2021 மார்ச் 14 அன்று டிரான்மியரை 1-0 என்று வென்று 48 ஆண்டு சாபத்தை முடித்தார்கள். கொரோனா காலம். கேலரியில் ஒரு ரசிகர் கூட இல்லை.

இனி வெளியூர் ஆட்டம். என் பார்வையில் விசுவாசத்தின் உண்மையான அளவுகோல் இங்கேதான் இருக்கிறது. சொந்த மைதானத்துக்குப் போவதில் பழக்கம் பாதி. அப்பா போனார், சீசன் டிக்கெட் இருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் முப்பது வருட நண்பர். வெளியூர் ஆட்டத்துக்குப் போக அன்றன்று முடிவெடுக்க வேண்டும். சண்டர்லாந்திலிருந்து பிளிமத் சுமார் 650 கிலோமீட்டர். சென்னையில் இருப்பவர் 90 நிமிட ஆட்டம் பார்க்கக் கன்னியாகுமரி வரை பஸ்ஸில் போய்விட்டு அன்றிரவே திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். போனால் கிடைப்பது மைதானத்தின் ஒரு மூலை. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கிய இடம் ஏழாவது தளத்தில். பதினான்கு படிக்கட்டு வரிசை ஏற வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரரின் முதுகு எண் தெரிந்தாலே அதிர்ஷ்டம். இருந்தும் அந்த மூலைதான் மைதானத்திலேயே அதிகம் பாடும் மூலை. உட்கார நாற்காலி இருக்கும், யாரும் உட்கார மாட்டார்கள்.

பிரீமியர் லீக் விதிப்படி வெளியூர் அணிக்கு 3,000 இருக்கை, அல்லது மைதானக் கொள்ளளவில் பத்து சதவீதம், எது குறைவோ அது. கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. அதனால் பெரிய கிளப்புகள் புள்ளிக் கணக்கு வைத்திருக்கின்றன. முன்பு எத்தனை ஆட்டத்துக்குப் போனீர்களோ அந்த வரிசையில் டிக்கெட். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் போனவருக்கே மறுபடி டிக்கெட் என்றால் போகாதவர் எப்போதுதான் போவது? இருபது வயதுப் பையன் புள்ளி சேர்க்கவே வழியில்லை. புள்ளி கைவிட்டுப் போகக்கூடாது என்று டிக்கெட்டை வாங்கி வேறொருவரை அனுப்பிவைக்கும் பெரிசுகளும் உண்டு. விசுவாசத்துக்கு மார்க் போட ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும்.

விலையில் ரசிகர்கள் ஒரு போரை வென்றிருக்கிறார்கள், அதிலும் சண்டர்லாந்து எதிர்பாராமல் நடுவில் வந்தது. 2016 பிப்ரவரி 6, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம். அடுத்த சீசனில் உச்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்று லிவர்பூல் நிர்வாகம் அறிவித்திருந்தது. 77-வது நிமிடத்தில் சுமார் 10 ஆயிரம் லிவர்பூல் ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. கூட்டம் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் அடித்து ஆட்டத்தை டிரா செய்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வைக் கைவிட்டார்கள். அடுத்த மாதமே, பல ஆண்டுகளாக ரசிகர் அமைப்புகள் கேட்டுவந்த ஒன்றுக்கு பிரீமியர் லீக் கிளப்புகள் சம்மதித்தன. வெளியூர் ரசிகருக்கு டிக்கெட் விலை 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. 2016-17 சீசனில் அமலுக்கு வந்தது. எழுந்து போனவர்கள் சாதித்தது அது.

எழுந்து போவது ஒன்று; வராமலே இருப்பது இன்னொன்று. அதில் பிளாக்பூல் ரசிகர்களை மிஞ்ச ஆளில்லை. 2010-ல் பிரீமியர் லீகுக்கு ஏறிய அணி அது. அந்தப் பணம் அணிக்குப் போகாமல் உரிமையாளர் ஆய்ஸ்டன் குடும்பத்தின் நிறுவனங்களுக்குப் போகிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். விமர்சித்த ரசிகர்கள் மீதே அவதூறு வழக்குகள் பாய்ந்தன. 'இனி ஒரு பென்னி கூடக் கிடையாது' என்று புறக்கணிப்பு தொடங்கியது. இதில் கவனிக்க வேண்டியது அவர்கள் போட்ட கணக்கு. இங்கிலாந்து லீகில் டிக்கெட் வசூல் சொந்த மைதானத்துக் கிளப்புக்குப் போகும். ஆகவே சொந்த மைதானத்துக்குப் போனால் உரிமையாளருக்குக் காசு. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் எதிரணிக்குக் காசு. அவர்களில் பலர் வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்ப் பாடினார்கள், தங்கள் ஊர் மைதானத்தின் வாசலை மிதிக்கவில்லை.

2017 மே 28 அன்று பிளாக்பூல் வெம்ப்ளியில் பிளே-ஆஃப் இறுதி ஆடியது. எக்ஸிட்டரை 2-1 என்று வென்று மேலே ஏறியது. 2010-ல் இதே அணி வெம்ப்ளியில் ஏறியபோது மைதானத்தில் 82 ஆயிரம் பேர். இந்த முறை இரண்டு அணிக்கும் சேர்த்து 24 ஆயிரம் கூட இல்லை, அதிலும் பிளாக்பூல் பக்கம்தான் சிறுபான்மை. தன் அணி ஜெயிக்கும் நாளில் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு வைராக்கியம் வேண்டும்! அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம், ஆய்ஸ்டன்கள் கிளப்பின் பணத்தை முறைகேடாக உருவியதாகக் கூறி, இன்னொரு பங்குதாரருக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. 2019 தொடக்கத்தில் கிளப் அவர்கள் கையை விட்டுப் போனது. மார்ச் 9 அன்று, சவுத்எண்டுடனான ஆட்டத்துக்கு, 15,871 பேர் வீடு திரும்பினார்கள்.

வருகைக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு பிளாக்பூல் ரசிகர்கள் விசுவாசமற்றவர்கள். அந்தக் கணக்கே நம்பத்தக்கதல்ல என்பது வேறு விஷயம். கிளப்புகள் பெரும்பாலும் அறிவிப்பது விற்ற டிக்கெட்டை, வந்த ஆட்களை அல்ல. 2018 மார்ச் 1, கொட்டும் பனியில் மான்செஸ்டர் சிட்டியிடம் ஆர்சனல் 3-0 என்று தோற்ற இரவில் அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 58 ஆயிரத்துக்கு மேல். கேமரா திரும்பிய இடமெல்லாம் காலி நாற்காலி.

சண்டர்லாந்துக்கே மறுபடி வருகிறேன். 2024 ஜனவரி 6, எஃப்.ஏ. கோப்பையில் பரம எதிரி நியூகாசில் ஸ்டேடியம் ஆஃப் லைட்டுக்கு வந்தது. வெளியூர் ரசிகர்கள் 6,000 பேரை பஸ்ஸில் ஏற்றி, போலீஸ் காவலோடு கொண்டுவந்து கொண்டுபோனார்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு படம் வெளியானது. மைதானத்தின் பிளாக் கேட்ஸ் பாரில், அதிகக் காசு கொடுத்து வரும் நியூகாசில் விருந்தினர்களுக்காக, சண்டர்லாந்து கிளப்பின் ஏற்பாட்டிலேயே நியூகாசிலின் கறுப்பு வெள்ளையும் அவர்களது கோஷ வாசகங்களும் சுவரில் ஏறியிருந்தன. ஊர் கொந்தளித்தது. உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார். ஆட்டத்தில் 3-0 தோல்வி. அதைக்கூட ரசிகர்கள் மன்னித்திருப்பார்கள். வெறும் நாற்காலியைக் கழற்றி மாட்டச் சொன்னால் வரிசையில் நின்ற ஊர் அது. தன் வீட்டுச் சுவரை விற்றதைத்தான் தாங்கவில்லை.

2025 மே 24 அன்று ஷெஃபீல்டு யுனைடெட்டை வெம்ப்ளியில் கடைசி நேர கோலால் வென்று சண்டர்லாந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு பிரீமியர் லீகுக்குத் திரும்பியது. திரும்பியதும் வெளியூர் ரசிகருக்கு ஒரு பழைய தொல்லையும் திரும்பியது, டி.வி. நேர அட்டவணை. சனிக்கிழமை பகல் 12.30-க்கு லண்டனில் ஆட்டம் என்றால் சண்டர்லாந்திலிருந்து விடியும் முன்னே பஸ் ஏற வேண்டும். திங்கள் இரவு 8 மணி ஆட்டம் என்றால் முடிந்து ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் கடைசி ரயில் போயிருக்கும். செவ்வாய் வேலைக்கு லீவு.

அந்த 12.30 ஆட்டம் நமக்கு மாலை 5 மணிக்கோ 6 மணிக்கோ தொடங்குகிறது, டீ குடித்துக்கொண்டே பார்க்கத் தோதாக. ஆசியாவில் நாம் கொடுக்கும் சந்தா பணத்துக்கும் அந்த விடியற்கால பஸ்ஸுக்கும் தொடர்பு இருக்கிறது. டிக்கெட் விலைக்கு வரம்பு வைத்த பிரீமியர் லீக், நேரத்துக்கும் ஒன்று வைக்கலாம். 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய அணிக்கு திங்கள் இரவு ஆட்டமோ, சனி 12.30 ஆட்டமோ ஒதுக்கக்கூடாது. அந்த நேரங்களுக்கு ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டங்களைப் போடட்டும். லண்டனில் மட்டும் அதற்குப் போதுமான அணிகள் இருக்கின்றன.