மவுஸுக்கு எந்தப் போர்ட்?

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம், 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் காசு சேர்ப்போம். மவுஸ் எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது என்று மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தயவுசெய்து பாருங்கள்! பைசா செலவில்லாமல் இத்தனை சுகம் கம்ப்யூட்டரில் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

என்னுடையது ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு. இந்த ஏஎம்4 ப்ராசஸருக்குள்ளேயே ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. நாலு போர்ட் அதன் கையில். மிச்சமெல்லாம் சிப்செட்டின் கன்ட்ரோலரில். சிப்செட்டிலிருந்து ப்ராசஸருக்குப் போக 4 லேன் கொண்ட ஒரே பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை. சாட்டா டிஸ்க்கும் நெட்வொர்க்கும் அதே வழியாகத்தான் போக வேண்டும்.

யுஎஸ்பி மவுஸ் தானாக வாய் திறக்காது. வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால்தான் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் பையனைப் போல, கன்ட்ரோலர் கேட்கும்வரை காத்திருக்கும். சாதாரண ஆபீஸ் மவுஸை 8 மில்லி வினாடிக்கு ஒருமுறை கேட்கிறது. அதாவது 125 ஹெர்ட்ஸ். இந்த இடைவெளி ஃபுல் ஸ்பீடில் 1 மில்லி வினாடி வரை, ஹை ஸ்பீடில் 125 மைக்ரோ வினாடி வரை குறையலாம். 8000 ஹெர்ட்ஸ் மவுஸ்கள் பிறந்தது இந்தக் கணக்கில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. வந்த செய்தியைக் கன்ட்ரோலர் உடனே ப்ராசஸரிடம் கொடுத்தாக வேண்டும் என்றில்லை. கொஞ்சம் சேர்த்துவைத்து ஒரே இன்டரப்ட்டாகத் தரலாம். யுஎஸ்பி கன்ட்ரோலருக்கான எக்ஸ்எச்சிஐ விதிமுறையில் இப்படிச் சேர்த்துவைக்கும் இடைவெளியின் ஆரம்ப மதிப்பு 4000 அலகு. ஒவ்வொன்றும் 250 நானோ வினாடி, ஆக மொத்தம் 1 மில்லி வினாடி. அதை அப்படியே விட்டால் 8000 ஹெர்ட்ஸ் மவுஸின் எட்டுச் செய்திகள் ஒரே மூட்டையாக வந்து விழும்! லினக்ஸ் டிரைவர் அதை 40 மைக்ரோ வினாடியாகக் குறைத்துவைத்திருக்கிறது. யார் செய்த புண்ணியமோ, வாழ்க.

மவுஸ்டெஸ்டர் மென்பொருளில், 8000 ஹெர்ட்ஸ் மவுஸின் செய்திகளுக்கு இடையிலான நேரத்தை சிப்செட், ப்ராசஸர் இரண்டு பக்கத்திலும் வரைந்து பார்த்தேன். சிப்செட் போர்ட்டில், பக்கத்திலேயே எக்ஸ்டர்னல் டிஸ்க் காப்பி ஓடும்போது, புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறின. ப்ராசஸர் போர்ட்டுக்கு மாற்றியதும் 125 மைக்ரோ வினாடிக் கோட்டை ஒட்டி அடர்ந்து நின்றன. அடடா, என்ன ஒழுங்கு! சராசரியில் வித்தியாசம் சொற்பம்தான். ஆனால் கை பழகுவது சராசரிக்கல்ல, சீருக்கு. வாலரன்ட்டில் எதிரியைத் தொடர்ந்து குறிவைக்கும்போது கிராஸ்ஹேர் இப்போது கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

உங்கள் போர்ட் எந்தப் பக்கம் என்று அறிய, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கனெக்‌ஷன் வாரியாகப் பாருங்கள். மவுஸ் எந்தக் கன்ட்ரோலரின் கீழ் தொங்குகிறதென்று தெரியும். வெப்கேம், ஹெட்செட், டிஸ்க் எல்லாவற்றையும் சிப்செட் பக்கம் தள்ளிவிட்டு, ப்ராசஸர் கன்ட்ரோலரை மவுஸுக்கே எழுதிவைத்துவிடுங்கள். இன்டெல் டெஸ்க்டாப்பில் வழக்கமான யுஎஸ்பி போர்ட்டுகள் சிப்செட்டிலிருந்துதான் வரும். அங்கே ப்ராசஸர் லேனில் இருக்கும் ஸ்லாட்டில் தனி யுஎஸ்பி கார்டு செருகலாம். சில போர்டுகளில் அதனால் கிராபிக்ஸ் கார்டுக்கு 16 லேன் 8 ஆகும். நானாக இருந்தால் தயங்காமல் கொடுத்துவிடுவேன்.