மேற்கு வங்கம் ஏன் கிழக்கில் இருக்கிறது?

இந்திய வரைபடத்தை எடுத்துப் பாருங்க. மேற்கு வங்கம் கிழக்கில் இருக்கும். 1947-இல் வங்கம் பிரிந்தபோது இந்தியாவுக்கு வந்த மேற்குப் பாதி அது. கிழக்குப் பாதி பாகிஸ்தானோடு போய், 1971-இல் வங்கதேசம் ஆகிவிட்டது. ஜோடி போன பிறகும் 'மேற்கு' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, அது இப்போது திசையைச் சொல்லும் அடைமொழி இல்லை. பெயரின் ஓர் உறுப்பு, அவ்வளவுதான்.

ஆங்கிலம் இதைப் பெரிய எழுத்துப் போட்டுக் காட்டிவிடும். நம்மிடம் அது கிடையாது. சரி, இலக்கணமாவது கைகொடுக்குமா என்றால், அங்கேயும் சிக்கல். ஆங்கிலத்தின் 'ப்ராப்பர் நவுன்' என்பதற்கு நேராகச் 'சிறப்புப்பெயர்' என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் நன்னூல் வழி வந்த நம் பள்ளி இலக்கணத்தில் 'மரம்' பொதுப்பெயர், 'பனை' சிறப்புப்பெயர். ஆங்கிலக் கணக்கில் பனையும் பொதுப்பெயர்தான்! ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஊர், ஆறு, நாடு பற்றிப் பேசும்போது 'தனிப்பெயர்' என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

இது இலக்கண வகுப்போடு முடிகிற விஷயமும் இல்லை. 'தென்னாப்பிரிக்க நாடுகள்' என்று எழுதுகிறார்கள். தென்னாப்பிரிக்கா ஒரே நாடாச்சே! சொல்ல வந்தது போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே எல்லாம் அடங்கிய வட்டாரத்தை. அத்தனை நாடுகளையும் ஓர் அடைமொழி விழுங்கிவிட்டது. 'ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள்' என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை.

பெரிய எழுத்து இல்லாத குறையைச் சரிக்கட்டத் தமிழிலேயே வழி இருக்கிறது. சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'பெரியாறு' கேரளத்தில் ஓடும் ஒரு குறிப்பிட்ட ஆறு. 'பெரிய ஆறு' எந்த ஆறாகவும் இருக்கலாம். 'கருங்கடல்' பெயர், 'கரிய கடல்' வெறும் வருணனை. 'தென்னிந்தியா'வை 'இந்தியாவின் தென்பகுதி' என்று பிரித்தால் பொருள் அப்படியே நிற்கிறது. தென்னாப்பிரிக்காவைப் பிரித்தால் பல நாடுகள் வந்து விழுகின்றன. பிரித்ததும் பொருள் மாறினால் அது தனிப்பெயர்.

பொதுப்பெயரே தனிப்பெயராகிவிடுவதும் உண்டு. மன்னார் வளைகுடாவும் வளைகுடாதான். ஆனால் 'மாமா வளைகுடாவில் வேலை பார்க்கிறார்' என்றால் யாரும் அவரை ராமேஸ்வரம் பக்கம் போய்த் தேட மாட்டார்கள். அந்த வளைகுடாவை ஈரான் 'பாரசீக வளைகுடா' என்கிறது, அரபு நாடுகள் 'அரபு வளைகுடா' என்கின்றன. பொதுப்பெயரில் இருவருக்கும் தகராறு இல்லை, சண்டையெல்லாம் அடைமொழிக்குத்தான். பெயரில் இருக்கும் அடைமொழியை உரிமைப் பட்டாவாக வாசிப்பதால் வரும் வினை இது.

நாமும் அப்படி வாசிக்காதவர்கள் இல்லை. 'இந்தியப் பெருங்கடல்' என்றதும் அது நம்ம கடல் என்று ஒரு நினைப்பு வருகிறதே! அதன் கரையில்தான் கென்யாவும் இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் இருக்கின்றன. அங்கே 'இந்திய' என்பது பெயரின் பகுதி. 'இந்தியக் கடற்படை' என்னும்போதுதான் அது உடைமையைச் சொல்கிறது. எழுத்து ஒன்றுதான், வேலை வேறு. பெரிய எழுத்து இல்லாத மொழியில் எழுதுகிற நாம்தான் அதைப் பார்த்து எழுத வேண்டும்.