நனைந்த கண்ணனும் நனையாத பிள்ளைத்தமிழும்



பூச்சோங்கில் எங்கள் வீட்டில் இப்போது ஒரு பெரிய வேலை நடக்கிறது. இரண்டரை வயது மகனுக்குப் பேம்பர்ஸை நிறுத்திவிட்டு, கழிப்பறைக்குப் போகப் பழக்குகிறோம். நாள் முழுக்கத் துணியும் வாளியும்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். என் முதுகு முழுக்க ஈரம். "டேய்!" என்று கத்த வாயெடுத்தபோது, பெரியாழ்வாரின் பாசுரம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பல ஆண்டுகளாக வகுப்பில் நான் சத்தமில்லாமல் தாண்டிப்போன பாசுரம் அது.

பெரியாழ்வார் திருமொழியின் முதல் பத்தில் 'புறம்புல்கல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. குழந்தைக் கண்ணன் பின்னால் வந்து தாயின் முதுகைக் கட்டிக்கொள்வதைப் பாடும் பகுதி. அதன் முதல் பாசுரத்திலேயே கண்ணன் நனைந்துதான் வருகிறான். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத் துளிக்கிறது. அந்தத் துளியை, மாணிக்க அரும்பின் நுனியில் தோன்றும் முத்துக்கு ஒப்பிடுகிறார் கவிஞர். இதற்குச் சற்று முன்னால் வரும் 'தளர்நடை'ப் பகுதியின் பத்தாம் பாசுரத்திலும் இதே காட்சிதான். தத்தித் தத்தி நடக்கும் குழந்தையிடமிருந்து துளிகள் சிந்துகின்றன. அந்த நீர் கங்கையைவிடப் பெரிய தீர்த்தப் பலன் தருவது என்கிறார்.

இதை வகுப்பில் சொல்ல நமக்குக் கூச்சம். படிவம் 4 பையன்கள் சிரிப்பார்களே என்ற பயம். அதனால் 'கண்ணனின் குழந்தைப் பருவ அழகு வருணிக்கப்படுகிறது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அந்த ஒரு வரியால் பாசுரத்தின் உயிரே போய்விடுகிறது என்பதுதான் என் வாதம்.

முதலில் காட்சியைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் குழந்தையின் இடுப்பில் அணிகள் உண்டு, நாப்பி கிடையாது. நம் பாட்டிமார் காலத்திலும் அப்படித்தானே? அரைஞாண் கயிற்றோடு பிள்ளை ஓடும். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே பிள்ளையை உட்காரவைத்து 'உஸ்ஸ்' என்று சத்தம் கொடுப்பார். ஈரம் எல்லாருடைய கண்ணிலும் பட்ட காலம் அது. இன்று பேம்பர்ஸ் அதை மறைத்துவிட்டது. அதனால்தான் மாணவர்களுக்கு இந்தத் துளி என்னவென்று உடனே விளங்குவதில்லை. நாம் சொன்னால்தான் விளங்கும்.

இப்போது இலக்கிய வரலாற்றுக்கு வருவோம். 'பிள்ளைத்தமிழின் முன்னோடி பெரியாழ்வார்' என்று நாம் எல்லாரும் எழுதுகிறோம். சரிதான். ஆனால் பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் தனிச் சிற்றிலக்கியமாக வளர்ந்தபோது அதற்கு வரையறை வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழை இதில் முக்கியமான தொடக்கமாகச் சொல்வார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண்பாலுக்குப் பத்துப் பருவங்கள். ஒரு வழக்குப்படி இவை 3-ஆம் மாதத்தில் தொடங்கி, ஒற்றைப்படை மாதங்களாக 21-ஆம் மாதத்தில் முடியும்.

இந்தப் பட்டியலை ஒரு தாயின், தந்தையின் கண்ணோடு பாருங்கள். தலை நிமிர்த்தி ஆடுவது, கை தட்டுவது, நடந்து வருவது என்று உடல் வளர்ச்சியின் படிகள் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் கழிப்பறைப் பழக்கம் பொதுவாக ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் கூடிவரும். பட்டியல் முடியும் இடத்தில்தான் நம் வீட்டுப் போராட்டமே தொடங்குகிறது! பத்துப் பருவங்களில் இதற்கென ஒரு பருவம் கிடையாது. பாட்டுடைத் தலைவர் அரசர் அல்லது தெய்வம் ஆயிற்றே. மரபு அவரை உலர்ந்த பிள்ளையாகவே வைத்துக்கொண்டது.

குழந்தை அழுக்காக்குவதைத் தமிழ் இலக்கியம் வெறுத்தது என்று சொல்லவில்லை. பாண்டியன் அறிவுடை நம்பியின் புறநானூற்று 188-ஆம் பாடலில் பிள்ளை சோற்றைத் தன் உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவரும் பிள்ளையின் சிறுகை அளாவிய கூழை அமிழ்தத்துக்கு மேலே வைக்கிறார். ஆனால் இரண்டிலும் உள்ளே போகும் உணவுதான் சிந்துகிறது. வெளியே வருவதையும் பாட்டில் ஏற்றிய துணிச்சலைப் பெரியாழ்வாரிடம் பார்க்கிறேன்.

இங்கே ஒரு மறுப்பு வரும். "கண்ணன் கடவுள். அதனால்தான் அவனுடைய சிறுநீரும் தீர்த்தமாகிறது. சாதாரணப் பிள்ளைக்கு இது பொருந்துமா?" நல்ல கேள்வி. தளர்நடைப் பாசுரத்துக்கு இந்த மறுப்பு பொருந்தும். அங்கே கங்கை என்ற அளவுகோல் வந்துவிடுகிறது. துளி தெய்வத்தன்மையால் உயர்கிறது. புறம்புல்கல் பாசுரம் அப்படியல்ல. கோவிந்தன் என்ற பெயர் வருகிறது, ஆனால் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. நனைந்த பிள்ளை ஒன்று வந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான். முத்தும் மாணிக்கமும் துளியை அழகுபடுத்தினாலும், சொட்டும் ஓசை அந்த ஈரத்தை மறைக்க விடவில்லை. பின்னாலிருந்து அணைப்பதால், பிள்ளையின் முகம் தெரியும் முன்பே தாயின் முதுகு நனைந்திருக்கும் என்றே நான் வாசிக்கிறேன். ஆனாலும் அவள் விலகவில்லை. அதனால் இரண்டில் இதுவே சிறந்த பாசுரம் என்பது என் தீர்ப்பு.

அதற்காகத் தாய் பிள்ளையை அப்படியே விட்டுவிடுகிறாள் என்று நினைக்க வேண்டாம். இதே திருமொழியில் 'நீராட்டம்' என்ற பகுதியும் உண்டு. எண்ணெயும் புளிப்பழமும் எடுத்துவைத்து, வெண்ணெயும் புழுதியுமாக நிற்கும் பிள்ளையைக் குளிக்க வா என்று கெஞ்சுகிறாள். முதலில் அணைப்பு, பிறகு குளிப்பாட்டல். இதற்கு நடுவே அவமானப்படுத்தல் என்ற ஒரு படி இல்லை.

இன்றைய குழந்தை மருத்துவமும் அதையே சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பிள்ளை தயாராகும்வரை காத்திருந்து, வற்புறுத்தாமல் பழக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. நாமோ, "இவ்ளோ பெரிய பிள்ளை, வெட்கமா இல்ல?" என்று இரண்டு வயதுப் பிள்ளையைக் கேட்கிறோம்.

மாணவர்களே, இனி உங்களுக்கு. இப்பாசுரம் உங்கள் பாடத்தில் வராவிட்டாலும் இந்த வாசிப்பு முறை உதவும். "இப்பாடலில் தாய்மை உணர்வு சிறப்பாக வெளிப்படுகிறது" என்று எழுதினால் அது எந்தப் பாடலுக்கும் பொருந்தும். அதனால் மதிப்பு குறைவு. "நனைந்த பிள்ளை பின்னாலிருந்து அணைத்தும் தாய் விலகவில்லை, துளியை முத்தாகக் காண்கிறாள், உவமை அவளுடைய பார்வையைக் காட்டுகிறது" என்று எழுதுங்கள். காட்சி, உவமை, அதன் பயன் மூன்றும் வந்துவிடும். நீங்கள் பாடலை வாசித்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும்.

ஆசிரியர்களே, வகுப்பில் சிரிப்பு வரும்; வரட்டும். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க வீட்டுல தம்பி, தங்கச்சி இப்படி நனைச்சப்போ அம்மா என்ன செஞ்சாங்க?" வரும் பதில்களோடு பாசுரத்துக்குத் திரும்புங்கள்.

அன்று நான் கத்தவில்லை என்று சொல்ல ஆசைதான். பாதி கத்திவிட்டேன். மீதியை விழுங்கிக்கொண்டு அவனைத் தூக்கிப் போய்க் கழுவிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மூன்று விடைத்தாள்களிலும் ஈரம் பட்டிருந்தது.