உசாத்துணை நூல்களில் இல்லாத பாட்டுப்பெட்டி

சென்ற வருடம் பயிலரங்கொன்றுக்காக நுவரெலியா சென்றிருந்தபோது, ஹோட்டல் முன்கூடத்தில் ஒரு கிராமபோனைக் கண்டேன். பளபளக்கும் பித்தளைக் குழல், முகப்பில் நாய்ப்படம். வெளிநாட்டவர் இருவர் அதனருகே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு வந்திருந்த கொழும்பு நண்பர் பழைய இசைத்தட்டுக்கள் சேகரிப்பவர். குனிந்து பார்த்துவிட்டு, "சேர், இது பழசு இல்ல, புதுசாப் பொருத்தினது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதிலாகச் சில ஆங்கில நூல்களை இரவல் தந்தார். இரண்டு பாடசாலை விடுமுறைகளில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தேன். பழைய பாட்டுப்பெட்டிகளைச் சேகரிப்போருக்கான இந்த உசாத்துணை நூல்கள் பற்றியே இக்குறிப்பு.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1877இல் எடிசன் செய்த போனோகிராப் ஒலியை உருளையில் பதிந்தது. எமில் பெர்லினர் 1887இல் கொண்டுவந்த கிராமபோன் தட்டில் பதிந்தது. அமெரிக்கர் பின்னாளில் இரண்டையுமே போனோகிராப் என்று அழைத்தார்கள். ஆகவே அத்தலைப்பில் வரும் நூல்களில் நமது பாட்டுப்பெட்டியும் அடங்கும்.

ரோலண்ட் ஜெலட்டின் 'த ஃபெபுலஸ் போனோகிராப்' 1955இல் வந்தது. ஒலிவர் ரீட், வால்டர் வெல்ச் இருவரும் எழுதிய 'ஃப்ரொம் டின் ஃபொயில் டு ஸ்டீரியோ' 1959இல் வந்தது. முன்னவர் சங்கீதத்தின் பக்கம் நின்று கதை சொல்கிறார். பின்னவர்கள் இயந்திரத்தின் பக்கம், அதிலும் எடிசனின் பக்கம் சாய்ந்து சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் நியாயம் பிடிபடும். 1997இல் டிமதி ஃபப்ரிசியோவும் ஜோர்ஜ் போலும் வெளியிட்ட 'த டோக்கிங் மெஷின்' வேறு வகையானது. எந்த மாதிரிக்கு எந்தக் குழல், எந்தப் பெட்டி என்று படங்களோடு காட்டுகிறது. வாங்குபவர் ஏமாறாதிருக்க இத்தகைய நூலே துணை. நுவரெலியாவில் நான் பார்த்தது போன்ற பித்தளைக் குழல் கிராமபோன்கள் கடந்த சில தசாப்தங்களாக இந்தியாவில் பொருத்தப்பட்டு, மும்பை சோர் பஜார் முதலான சந்தைகளூடாக உலகமெங்கும் போகின்றன. அவற்றில் பலவற்றின் அடியில் சுழல்வது, குழலே இல்லாத பழைய கைப்பெட்டிகளிலிருந்து கழற்றிய மோட்டார்தான்.

இந்நூல்களின் சேவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சேகரிப்போர் உலகம் முழுவதும் ஒரே வார்த்தையில் நிற்கிறது: 'ஒரிஜினல்'. பாகம் மாறிய பெட்டிக்கு மதிப்பில்லை. இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிடத் தோன்றுகிறது. எச்.எம்.வி.யின் நாய்ப்படத்தை வரைந்த பிரான்சிஸ் பரோ, முதலில் நாயின் முன் வைத்திருந்தது உருளை போனோகிராப். 1899இல் கிராமபோன் கம்பனி படத்தை வாங்கியபோது, அதன்மேல் கிராமபோனை வரைந்து மூடிவிட்டார். இந்தத் தொழிலின் உலகப் புகழ்பெற்ற சின்னமே பாகம் மாற்றப்பட்டதுதான்!

இது வெறும் வேடிக்கையல்ல. எங்கள் வீட்டில் நடந்ததோடு தொடர்புடையது.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்துச் சந்தியில் என் அப்பாவுக்கு (வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றே கூப்பிடுவோம்) ஒரு சில்லறைக் கடை இருந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் ஏலம் போயின. அதில் அப்பா எடுத்தது எச்.எம்.வி. 102 என்ற கைப்பெட்டி. 1931இல் சந்தைக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் விற்பனையான மாதிரி அது. மின்சாரம் வேண்டாம், சாவி கொடுத்தால் பாடும். தைப்பொங்கலுக்கு லயத்துக்கு இரவல் போகும். நோன்புப் பெருநாளைக்குக் கடைக்கு வந்துவிடும். சுருள்வில் அறுந்தபோது தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக் ஒருவர் சரிசெய்து கொடுத்தார். கைபிடியைத் தோட்டத்துத் தச்சர் மரத்தில் செய்தார். ஊசி பூட்டும் சவுண்ட் பொக்ஸ் இன்னொரு பெட்டியிலிருந்து வந்தது. பாங்கு சொன்னால் அப்பா ஊசியைத் தூக்கிவிடுவார்.

அப்பா மவுத்தான பிறகு பழஞ்சாமான் வாங்கும் ஒருவர் வந்தார். திறந்து பார்த்தார், "ஒரிஜினல் இல்ல" என்றார். ஒரு சொற்ப தொகையைத் தந்து, தட்டுக்களையும் சும்மாவே அள்ளிக்கொண்டார். அப்போது நான் ஓ.எல். மாணவன். பெட்டியை வானில் தூக்கி வைத்ததும் நான்தான். அதன் மோட்டார் இன்று ஏதாவதொரு ஹோட்டலில் பித்தளைக் குழலின் அடியில் சுற்றுகிறதோ என்னவோ.

பெட்டி போனது எனக்கு இப்போது பெரிய கவலையில்லை. கவலையைத் தந்தது நண்பர் கடைசியாகத் தந்த நூல். மைக்கல் கினியர் என்ற ஆஸ்திரேலியர் தொகுத்தது. கிராமபோன் கம்பனியின் 1899 முதல் 1908 வரையான இந்திய ஒலிப்பதிவுகளின் விவரப் பட்டியல். 1994இல் பம்பாய் பொப்யுலர் பிரகாஷன் வெளியிட்டது. இதில் கதை கொஞ்சம். பெரும்பகுதி எண்கள், பெயர்கள், மொழிகள். வாசிக்கச் சலிப்பான நூல்தான். ஆயினும் நான் வாசித்தவற்றுள் மிக நேர்மையானதும் இதுவே. 1902 நவம்பரில் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிந்தார். பதிவுகள் ஜேர்மனியின் ஹனோவருக்கு அனுப்பப்பட்டே தட்டாக்கப்பட்டன. அங்குள்ளோர் பெயர் மாற்றி ஒட்டிவிடாதிருக்கவே, பாடகர் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொன்னார் என்பர். 1908இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்தது. தட்டின் முகத்தாளிலுள்ள எண் விற்பனைக்கானது. தாளுக்கு வெளியே தட்டிலேயே பதிந்திருக்கும் இன்னொரு எண் பதிவுக்கானது. அதன் எழுத்தையும் எண்ணையும் கொண்டு பதிந்தவர் யார், ஏறக்குறைய எப்போது என்று கண்டுபிடிக்கலாம்.

இதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அப்பாவின் தட்டுக்களில் அந்த எண்கள் இருந்தன. ஒரு பென்சிலும் ஒரு துண்டுக் கடதாசியும் போதுமாயிருந்தன. எழுதி வைக்கவில்லை.

கினியரிடம் குறையில்லாமல் இல்லை. அவரது பட்டியல் கம்பனியின் கணக்குப் புத்தகத்தைப் பின்தொடர்கிறது. தட்டு தொழிற்சாலையை விட்டு வெளியேறியதும் அவரது பார்வை நின்றுவிடுகிறது. அது கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, புறக்கோட்டைக் கடைக்குப் போய், மலையேறி, ஒரு லயத்து இஸ்தோப்பில் ஒலித்தது எந்தப் பட்டியலிலும் இல்லை. இது அவர் செய்ய வேண்டிய வேலையல்ல. நமது வேலை.

முஸ்லிம்களாகிய நமக்கு இதில் தனியான ஒரு பொறுப்பும் உண்டு. இந்தக் கருவி வந்த நாளிலேயே நம்மவர் அதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். 1899இல் பத்தாவியாவில் செய்யித் உஸ்மான் போனோகிராப் பற்றி ஃபத்வா எழுதினார். அடுத்த வருடமே ஸ்னூக் ஹுர்க்ரொன்ஞே அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். உஸ்தாத் அப்துல் கரீம் கான் 1937இல் செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் மவுத்தானார். அவரது தட்டுக்களுக்கும் கினியரே விவரநூல் செய்தார். சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்து, சிங்கள பௌத்த கீதங்களால் நாடறிந்தவரானவர் மொஹிதீன் பேக். அவரைப் பற்றியும், கடைதோறும் ஒலித்த நாகூர் ஹனிபாவைப் பற்றியும் மேடைகளில் உருகிப் பேசுகிறோம். எந்தத் தட்டு, எந்த எண், எந்த வருடம் என்று கேட்டால் மௌனமாகிறோம்.

கலாநிதி ம.மு. உவைஸ் தேடித் தொகுத்திராவிட்டால் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று நாம் இன்று இவ்வளவு உரத்துப் பேச முடியுமா? என். செல்வராஜா 2002 முதல் 'நூல் தேட்டம்' தொகுதிகளில் ஆயிரம் ஆயிரமாக நூல்களைப் பதிந்து வருகிறார். காதால் கேட்ட இலக்கியத்துக்கும் அப்படியொரு வேலை தேவை. விமர்சனம் அதற்குப் பிறகுதான்.

நான் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளிடம் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்றைக் கொடுத்திருக்கிறேன். வீட்டிலோ அயலிலோ பழைய தட்டு இருந்தால் முகத்தாளின் நிறம், இரண்டு எண்கள், பாடியவர், மொழி ஆகியவற்றை எழுத வேண்டும். கினியரிடம் இல்லாத ஒரு பத்தியையும் சேர்த்திருக்கிறேன்: யார் வீட்டில், யார் யார் கேட்டார்கள், பெட்டியைத் திருத்திக் கொடுத்தவர் யார். இதுவரை ஒன்பது தட்டுக்கள். அவற்றில் இரண்டு உடைந்தவை. உடைந்ததிலும் எண் இருக்கிறது.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். பரணில் ஏதேனும் இருந்தால் விற்பது உங்கள் விருப்பம். விற்குமுன் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.