அந்தப்புர உருவப்படங்கள்: தஞ்சை மரபும் அதன் அளவுகோலும்

அரசகுல மகளிரைப் படமாக எழுதும் வழக்கம் தென்னாட்டில் இரண்டு கைவழிகளில் வளர்ந்தது. ஒன்று தங்க ரேக்கும் கல்லும் பதித்த தஞ்சைப் பலகைப் படம். மற்றொன்று எண்ணெய் வண்ணத் திரைச்சீலை. இங்கிலாந்தில் 1660களில் யார்க் கோமகள் ஆன் ஹைட், பீட்டர் லீலியைக் கொண்டு அரசவை அழகியரை வரிசையாக எழுதுவித்தார். நம் அரண்மனைகளில் அது எளிதாக இருக்கவில்லை. கோஷா வழக்கம் இருந்த இடங்களில், ஓவியர் காணாத முகத்தை எழுத வேண்டியிருந்தது. அதனால் ஆளின் சாயலைவிட அழகின் இலக்கணமே படத்தில் நின்றது. ராஜஸ்தானத்துக் கிஷன்கரில் மன்னர் சாவந்த் சிங்குக்காக நிஹால் சந்த் எழுதிய 'பனி தனி'யின் நீண்ட கண்ணும் கூர்ந்த மோவாயும் இதற்குச் சான்று.

தஞ்சையில் 1676இல் ஏகோஜி தொடங்கிய மராட்டிய ஆட்சியும், அதன்கீழ் தொழில் செய்த ராஜுக்கள், நாயுடுக்கள் என்னும் ஓவியர் பரம்பரையும் புனேயிலுள்ள நம் சபையினர் அறிந்தவை. இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) இந்தக் கை உச்சத்தைத் தொட்டது. அரசகுலத்தார் படத்துக்கும் தெய்வப் படத்தின் முறையே பொருந்தும். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவும் புளியங்கொட்டைப் பசையும் பூசி வழவழப்பாகத் தேய்த்து, கோடு போட்ட பிறகுதான் மக்கு (மாவுப்பசை) வேலை தொடங்கும். அட்டிகை, ஒட்டியாணம், வங்கி எல்லாம் மேடாக எழும்பும். கல் பதித்து, அதன்மேல் ரேக்கு ஒட்டி அழுத்தினால் விளிம்பு தெளியும். முகத்துக்கு வண்ணம் கடைசியில்தான். நகையும் புடவைக் கட்டுமே இன்ன குலத்தவர் என்று சொல்லிவிடும்.

சபையின் ஓவிய வகுப்பை நெடுங்காலம் நடத்திய மூத்த ஆசிரியர் பிடிவாதமாகக் கடைப்பிடித்ததும் இந்த வரிசையைத்தான். மக்கு நிழலில் காய வேண்டும், வெயில் கூடாது என்பது அவர் விதி. புனேயின் மழைமாதங்களில் அது நாள்கணக்கில் இழுக்கும். மாணவியர் மின்விசிறியைத் திருப்பிவைத்தால் அவர் எழுந்து நிறுத்திவிடுவார். நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் விழாவிட்டால்தான் ரேக்கைத் தொட விடுவார். அவரிடம் பயின்றவர்களின் படங்களில் இன்றுவரை வெடிப்பு காணவில்லை.

எண்ணெய் வண்ண வழியில் முதலில் சொல்லவேண்டியது தாமஸ் ஹிக்கி 1805இல் மைசூரில் எழுதிய மூன்று பெண்களின் படம். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் குடும்பத்து அரசியர் என்பது இப்போதைய கருத்து. வலப்புறத்து இளம்பெண் தன் இடது மேற்கையைச் சுட்டிக்காட்டும் பாவனை, அம்மைக் குத்தலைப் பரப்புவதற்கென்றே அமைந்தது என்று ஆய்வாளர் விளக்குகின்றனர்.

ரவிவர்மாவின் வழி இன்னும் நெருக்கமானது. மதுரை அழகிரி நாயுடுவும், திருவாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவும் அவருக்கு முன்னே நின்றவர்கள். இரண்டாமவர் தொழிலைக் கற்றுத்தர மறுத்தார் என்பர். 1868இல் அந்த அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் எழுதுவதைப் பார்த்தே ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் தேறினார். அவர் எழுதிய பெண்களின் நகைகளில் ஒளி விழும் இடங்களைக் கவனித்தால் நாயுடு வழியின் சுவடு தெரியும் என்பது சபை மூத்தவர்களின் உறுதியான கருத்து. அதை மறுப்பது எளிதல்ல.

கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவின் வழியே ரவிவர்மாவுக்குப் பரோடா கதவு திறந்தது. அங்கே அவர் எழுதிய மகாராணி முதலாம் சிம்னாபாய், தஞ்சையில் பிறந்த லட்சுமிபாய். 1880இல் பரோடா மன்னர் சாயாஜிராவை மணந்து, 1885இல் மறைந்தவர். அவரோடு நாட்டியக் கலைஞர்களும் சீராகச் சென்றார்கள். தஞ்சை மராட்டியமும் தமிழ்க் கலையும் ஒரே பெண்ணில் சேர்ந்த உருவப்படம் இதுபோல் மற்றொன்று இல்லை. அந்தப்புரத்துக்குள் தடையின்றிச் செல்லக்கூடிய ரவிவர்மாவின் தங்கை மங்களாபாயும் ஓவியரே. அவரைப் பற்றி நம்மவர் பேசுவது குறைவு.

இன்றைய நிலை வேறு. யாரையும் சுட்டுவதற்கில்லை; நல்ல கைகளும் இருக்கின்றன. ஆனால் செல்போனில் வந்த படத்தை அச்சடித்து முகமாக ஒட்டி, கடைப் பசையைக் குழாயிலிருந்து பிதுக்கி நகை செய்து, தங்க நிறத் தாளைப் போர்த்தி, கல்யாணப் பரிசாக 'தஞ்சாவூர் படம்' என்று கொடுப்பவர்களும் சிலர் உண்டு. வாங்குகிறவர் கேட்பதில்லை, கண்காட்சிக் குழுக்களும் கேட்பதில்லை. புவிசார் குறியீடு இருந்து என்ன பயன்? 1855இல் கம்பெனி தஞ்சை அரசை எடுத்துக்கொண்டபோது ஆதரவுதான் போனது, இலக்கணம் போகவில்லை. வெள்ளைக்காரனால் முடியாததை இந்தப் பசைக்குழாய் முடித்துவிடும் போலிருக்கிறது. ரேக்கில் சமரசம் செய்தவர் கோட்டில் செய்வார், கோட்டில் செய்தவர் கோலத்திலும் செய்வார்.  

புனே, பிம்ப்ரிப் பகுதி அன்பர்கள் இத்தகைய படங்களை நேரில் பார்ப்பதற்கு இடங்கள் உண்டு. புனே நகரின் ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகம் அருகிலேயே இருக்கிறது. சாத்தாரா மாவட்டத்து ஔந்த் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் மூலப்படங்களும், வடோதராவின் மகாராஜா பதேசிங் அருங்காட்சியகத்தில் கெய்க்வாட் தொகுப்பும் உள்ளன. 1894இல் பம்பாயில் தொடங்கி 1899இல் மளவ்லிக்கு மாறிய ரவிவர்மா அச்சகம், பிம்ப்ரி வழியே செல்லும் லோனாவளா லோக்கல் நிற்கும் அந்த ஊரில்தான் நடந்தது; 1972இல் தீக்கிரையானது.